ஒரு குப்பி, பத்து இலை

போன மாதம் ஒருநாள் காலை, தோசைக் கல்லில் மாவை ஊற்றிய நேரம் பார்த்து ரேவதி போன் செய்தாள். ரேவதி கிராம சுகாதார செவிலியர். நான் ஓய்வு பெற்ற பிறகு அடி அண்ணாமலை கிராமத்தைப் பார்த்துக்கொள்பவள். என் இடத்துக்கு வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். என் இடம் இன்றுவரை காலிதான்! அவள் பக்கத்து ஊர்க்காரி. என் ஊரையும் 'கூடுதல் பொறுப்பு' என்று சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"அக்கா, அறுபது வயசு தாண்டினவங்களுக்கு ஊசி முகாம் போடச் சொல்றாங்க. ஆள் குடுங்கன்னா ஆள் இல்லன்றாங்க. நான் ஒருத்தி ரெண்டு ஊருக்கு இன்னாக்கா பண்ணுவேன்? கொரோனா டைம்ல நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

"அஞ்சே நிமிஷத்துல சொல்றேன், கேளு" என்று ஆரம்பித்தேன். தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டு முடித்தவள், "இதை எழுதிக் குடுங்கக்கா, எங்க குரூப்ல எல்லாரும் படிக்கணும்" என்றாள். முப்பத்தைந்து வருடமாக நான் எழுதியதெல்லாம் பதிவேடுதான். கட்டம் போடாத தாளில் எழுதுவது இதுதான் முதல் தடவை. கை துறுதுறுவென்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினெட்டு மாதம் எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்திப் பழகினோம், விடுதி வார்டனிடம் திட்டு வாங்கினோம். வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஜவ்வாது மலைப் பக்கம் சில வருடம், செங்கம் பக்கம் சில வருடம், கடைசிப் பதினேழு வருடம் அடி அண்ணாமலை. எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. இரண்டையும் வைத்துக்கொண்டு ஓய்வு வரை வந்தேனே, அதுவே பெரிய விஷயம்.

வீடு வீடாகப் போவதுதான் எங்கள் வேலை. எந்த வாசலில் நின்றாலும் என் முதல் கேள்வி, "சாப்டீங்களா?" ஊரெல்லாம் மரியாதைக்குக் கேட்கிற கேள்விதான். நான் மரியாதைக்குக் கேட்டதில்லை. கர்ப்பிணிப் பெண் "வாந்திக்கா, ஒண்ணும் இறங்கல" என்பாள். கிழவர் "மருமவ இன்னும் போடல" என்பார். ஒரு வீட்டு நோய் நொடி எல்லாம் அந்த ஒரு பதிலில் வெளியே வந்துவிடும். அதன்பிறகுதான் நான் பையையே திறப்பேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பெரியவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை. முந்தின நாள் தெருத் தெருவாகப் போய்க் கத்துவேன்: "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க! வெறும் வயித்துல வரணும்! காபி கூட குடிக்கக் கூடாது!" ஆரம்பத்தில் யார் கேட்டார்கள்? டீக்கடையில் வடை சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டுவார்கள். கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவேன். அவர்கள் என்னைத் திட்டுவார்கள், நானும் சும்மா இருக்கமாட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஊர் திருந்தியது. நர்சம்மா ஏழு மணிக்கு வரச் சொன்னால் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

எங்கள் வட்டார மருத்துவ அலுவலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய டாக்டரம்மா என்போம். ஆள் என்னவோ சின்ன உருவம்தான். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மேசையில் ஒரு பிளாஸ்க், சட்டையே செய்யாத ஒரு முகம். குரலை உயர்த்திப் பார்த்ததே இல்லை. வேலை நடக்காததற்கு நாம் ஒரு காரணம் சொன்னால் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்பார். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி மேசையில் வைப்பார்.

"சரி. அப்புறம்?"

அவ்வளவுதான். அந்த 'அப்புறம்' உள்ளே போய்க் குடையும். இரண்டாவது காரணத்தைச் சொல்வோம். "சரி. அப்புறம்?" என்பார். மூன்றாவது தடவை நம்மை அறியாமல் நிஜம் வெளியே வந்து விழும். திட்டுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். இந்த அம்மாவிடம் முடியவே முடியாது.

கொரோனா தடுப்பூசி வந்தது. முதலில் பெரியவர்களுக்கு என்றார்கள். ஒரு முகாமுக்கு ஐந்து பேர் வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. பெயர் சரிபார்க்க ஒருவர், போனில் பதிய ஒருவர், ஊசி போட ஒருவர், வருகிறவர்களைக் கேட்டு விசாரித்து வரிசையில் உட்காரவைக்க ஒருவர், ஊசி போட்ட பின் அரை மணி நேரம் கண்காணிக்க ஒருவர். படிக்கும்போது மனசுக்கு என்ன நிறைவாக இருந்தது! நிஜத்தில் ஒருத்தி காய்ச்சல் முகாமுக்குப் போய்விட்டாள். ஒருத்தியைத் தேர்தல் வேலை இழுத்துக்கொண்டது. ஒருத்தி கொரோனா வந்து வீட்டில் படுத்திருந்தாள். இன்னொரு இடம் பல வருடமாகவே காலி. மிச்சம் நான். கூட அங்கன்வாடி டீச்சர் செல்வி, அதுவும் கடன் வாங்கிய ஆள்.

நேரே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"மேடம், அஞ்சு பேர் வேலையை ரெண்டு பேர் எப்படிச் செய்யறது?"

"சரி. அப்புறம்?"

"ஒண்ணு ஆள் குடுங்க, இல்ல தேதியைத் தள்ளி வைங்க."

பேனாவைத் திறந்து மூடினார். "ஆளும் இல்ல, தேதியும் இல்ல. இந்த வாரம் நீங்க போடலைன்னா உங்க ஊர் மருந்து வேற ஊருக்குப் போயிடும். என்னால நிறுத்தி வைக்க முடியாது."

வெளியே வந்து வண்டியை உதைத்தேன். மனசு கொதித்தது. காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. மேலத் தெருவில் இரண்டு பெரியவர்கள் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். யாருக்கு இளைப்பு, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு நெஞ்சுவலி என்று எனக்கு விரல் நுனியில் தெரியும். அந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. மருந்தை வேறு ஊருக்கு விடுவதா? திரும்ப உள்ளே போய், "போட்டுடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மருந்து எடுக்கிற முறையைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். உறைந்த ஐஸ் பட்டைகளை அப்படியே பெட்டியில் அடுக்கக் கூடாது, மருந்து உறைந்து வீணாகும். வெளியே வைத்து வியர்க்கவிட வேண்டும். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்க வேண்டும். அப்புறம்தான் நாலு பக்கமும் நாலு பட்டை, நடுவில் குப்பிகள். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்ததும் லேபிளில் நேரத்தை எழுத வேண்டும். நாலு மணி நேரம்தான் கெடு, அதற்கு மேல் குப்பையில்தான் போட வேண்டும். அதனால் பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறக்கக் கூடாது. நான் குழந்தைகளுக்கு ஊசி போட்டே காலம் தள்ளியவள், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

முந்தின நாள் சாயங்காலம் ஊருக்குள் போய் வழக்கம்போலக் கத்தினேன். "நாளைக்கு ஊசி! பெரியவங்க எல்லாம் ஏழு மணிக்கு ஸ்கூலுக்கு வந்துடுங்க! ஆதார் அட்டையை மறக்காதீங்க!" அவ்வளவுதான் சொன்னேன். சத்தியமாக வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டோம். போனில் சிக்னல் வந்து வந்து போயிற்று. ஒரு பெயர் ஏறுவதற்குள் செல்விக்கு வியர்த்துவிட்டது. அட்டையைப் பார்ப்பது, பெயர் எழுதுவது, சத்தம் போடுகிறவரை அடக்குவது எல்லாம் நான். எட்டரைக்குப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். குப்பியைத் திறந்தேன், நேரம் எழுதினேன். மூன்று பேருக்குப் போட்டாயிற்று.

நாலாவது ஆள் ஏழுமலை. எழுபது வயதைத் தாண்டியவர், ஆனால் குரல் மட்டும் இளவட்டம். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானக் கொட்டகை போட்டு, ஆள் உயரக் கரண்டியால் பொங்கல் கிண்டுகிறவர். அவர் மனைவி முனியம்மாவும் தெருக்காரப் பெண்களும் பரிமாறுவார்கள். கிரிவலத்துக்குத் தடை போட்டதிலிருந்து அடுப்பு பற்றவைக்க முடியாமல் மனுஷன் தவித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இடது தோளிலிருந்து துண்டை எடுத்தார். மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

"நர்சம்மா, கண்ணை இருட்டிக்கினு வருது" என்றார். ஊசி தோலைத் தொடவில்லை. மனுஷன் நாற்காலியோடு சரிந்தார்.

என் கையிலிருந்த ஊசி தரையில் விழுந்தது. அவர் உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று கையை வைத்ததுமே தெரிந்தது. சர்க்கரை பார்க்கிற கருவி? பெட்டியும் பதிவேடும் தூக்குகிற அவசரத்தில் நிலையத்திலேயே விட்டு வந்திருந்தேன். செல்வி அங்கன்வாடிக்கு ஓடிச் சர்க்கரை கொண்டுவந்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். நூற்றெட்டு வண்டி சீக்கிரமே வந்தது. அவரை அழைத்து வந்த மகன் கூடவே ஏறிக்கொண்டான். வண்டி எங்கள் நிலையத்துக்கே, டாக்டரம்மாவிடமே போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வண்டி வளைவு தாண்டுவதற்குள் ஏழுமலையைக் கொன்றுவிட்டார்கள். 'ஊசி போட்டதும் பொட்டுனு வுழுந்துட்டாராம்.' நாற்காலியில் அவர், எதிரில் ஊசியோடு நான். பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? முனியம்மாக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்தார். நேரே வந்து என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"பாவி! என் தாலிய அறுத்துட்டியே! உன்னிய நம்பித்தானே அனுப்பினேன்!"

"அக்கா, சாமி சத்தியமா நான் அவருக்கு ஊசியே போடல. இதோ பாருங்க, அவர் பேருக்கு நேரா டிக் கூட இல்ல."

"டிக்காம் டிக்கு! ஆளைக் காட்டு!"

வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள், ஒருவர் வீட்டுக்கே ஓடிவிட்டார். ஏற்கெனவே போட்டுக்கொண்ட மூன்று பேர் தங்கள் கையைத் தாங்களே பிடித்துப் பார்த்து அழ ஆரம்பித்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, அவர் காலையில இன்னா சாப்ட்டாரு?"

முனியம்மாக்கா அழுகையை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏழு மணிக்கு வரச் சொன்னா வெறும் வயித்துல வரணும்னு நீதானே சொல்லுவ? நேத்து ராத்திரியே அரை வயித்துக்குத்தான் சாப்ட்டாரு. ஊசிக்குத் தெம்பா இருக்கட்டும்னு சக்கரை மாத்திரைய மட்டும் போட்டுக்கினு வந்தாரு."

வரிசையைப் பார்த்துக் கேட்டேன், "யாராவது சாப்ட்டீங்களா?" ஒருவர் தலையும் அசையவில்லை. அத்தனை பேரும் வெறும் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். எட்டரை மணி வரை பசியோடு உட்கார்ந்து என் அதட்டலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்! இத்தனை வருடமாக நான் ஊட்டி ஊட்டி வளர்த்த பாடம் அது. வீடு வீடாகப் போய் 'சாப்டீங்களா' என்று கேட்டவள் அன்றைக்கு 'ஆதார் இருக்குதா' என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. குப்பியில் ஆறு பேருக்கு மருந்து இருந்தது. பன்னிரண்டரைக்குள் முடிக்க வேண்டும். பெட்டியை மூடிக்கொண்டு போயிருக்கலாம், யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அன்று மூடினால் அந்த ஊரில் மறுபடி திறக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் மூச்சு வாங்கப் போகிறவர்கள் என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். பெஞ்சின் மேல் ஏறி நின்றேன்.

"தப்பு என்னுதுதான்! சாப்ட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. வந்தப்பறமாவது கேட்டிருக்கணும். கேக்கல. அவரை ஊசி சாய்க்கல, பசிதான் சாய்ச்சுது!"

முப்பத்தைந்து வருடத்தில் இந்த வாய் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஊர் நம்பியதா? "வாய் இருந்தா இன்னா வேணா பேசலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த நேரம் என் போன் அடித்தது, டாக்டரம்மா.

நடந்ததைச் சொன்னேன். சிக்னல் இல்லாததைச் சொன்னேன், ஆள் இல்லாததைச் சொன்னேன்.

"சரி. அப்புறம்?"

"அப்புறம்... நான் சாப்டீங்களான்னு கேக்கல மேடம்."

"குளுக்கோஸ் ஏத்தியிருக்கு. எழுந்து உக்காந்துட்டார். இந்தாங்க, அவரே பேசணுமாம்" என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டு போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"யாரு, முனியம்மாவா? ஏன் அழுவுற? எனக்கு ஊசியே போடல! போடறதுக்கு முன்னாடியே வுழுந்துட்டேன்! நர்சம்மா, எம்பங்கு மருந்து இருக்குதில்ல? வேற யாருக்கும் குத்திடாத!"

ஐயோ, அந்தத் தாழ்வாரம் சிரித்த சிரிப்பு! அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் பெஞ்சின் மேலேயே நின்று அழுதேன். முனியம்மாக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார், கூந்தலை அள்ளி முடிந்தார், பெண்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? பசி வந்தா பத்தும் பறந்துபூடும்னு சும்மாவா சொன்னாங்க? கொட்டாய்ல அரிசி பருப்பு எல்லாம் கீது. அடுப்பைப் பத்த வைங்க!"

எத்தனையோ மாதமாகக் கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்கள் நிமிர்ந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே கொட்டகை, நாலு பக்கமும் திறந்தது. ஆளுக்கு ஆறடி இடைவெளியில் தையல் இலை போடச் சொன்னேன். அதில் மட்டும் யாரையும் விடவில்லை. பொங்கல் வெந்துகொண்டிருந்தபோது வீட்டுக்குப் போக எழுந்த இரண்டு பேரை முனியம்மாக்கா ஒரு பார்வையிலேயே உட்காரவைத்தார். போட்டுக்கொண்ட மூன்று பேர், இனிமேல் போட வேண்டிய ஆறு பேர், மொத்தம் ஒன்பது இலை. அந்த ஆறில் முதல் இலை, ஓடிப்போனவருக்குப் பதிலாக, முனியம்மாக்காவுடையது. பரிமாறுகிற பெண் பழக்கதோஷத்தில் பத்தாவது இலையையும் போட்டாள். முனியம்மாக்கா பாய்ந்தார்.

"ஆள் இல்லாத இலை எதுக்குடி? அவுரு இன்னா செத்தா பூட்டாரு, படையல் போடறதுக்கு?" பிறகு என்னைப் பார்த்தார். "நர்சம்மா, நீ சாப்ட்டியா?"

விடிகாலையில் குடித்த காபிதான். சொல்லப்போனால் அன்றைக்கு அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டதே அப்போதுதான்.

"அந்த இலை உன்னுது. வேலைய முடிச்சுட்டு வந்து உக்காரு" என்றார்.

பொங்கலும் சாம்பாரும் உள்ளே போனதும் முகங்களில் ரத்தம் ஓடியது. சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வரிசையாகப் போனேன். வலது கை எச்சில் கை, அது இலையோரம் இருந்தது. இடது கை என்னிடம். பத்து மணி ஐம்பதுக்கு முனியம்மாக்காவுக்குப் போட்டேன். கண்ணை இறுக்கி மூடி, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றார், வரிசை முழுக்க அரோகரா போட்டது. பதினொன்றே காலுக்குள் ஆறு பேருக்கும் முடிந்தது. காலிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பத்தாவது இலையில் உட்கார்ந்தேன். அந்தப் பொங்கலின் ருசியை இப்போது எழுதும்போதும் நாக்கு சொல்கிறது.

சாப்பிட்டுக்கொண்டே வழக்கமான பயத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். எந்த முகாமிலும் ஊசி போட்ட பிறகு பெரியவர்களை அரை மணி உட்காரவைக்க முடியாது. 'மாட்டை அவுக்கணும்', 'பால் ஊத்தணும்' என்று ஒவ்வொருவராக நழுவுவார்கள். அன்று ஒருவர்கூட எழவில்லை! பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு, மோர் வந்து, குடித்து முடிக்கும் வரை எழுந்திருப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசி ஊசிக்கு இன்னும் அரை மணி ஆகவில்லை. மோர் வாளியோடு வந்த பெண்ணைக் கண்ணாலேயே தடுத்தேன். அரை மணி முடிந்ததும்தான் விட்டேன். அடேயப்பா! கண்காணிப்புக்கு ஆள் கேட்டு எத்தனை கடிதம் எழுதினேன், ஒரு வாளி மோர் அந்த வேலையைப் பார்த்தது! கூரைமேல் ஏறிக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் அங்கேயே இரண்டாவது முகாம். இந்தத் தடவை பொங்கல் கிண்டியது ஏழுமலை அண்ணன்தான். பத்துப் பத்து இலையாகப் பந்தி. ஒரு பந்திக்கு ஒரு குப்பி. பந்தி நிரம்பாமல் குப்பியைத் திறப்பதில்லை, அதனால் ஒரு சொட்டும் வீணாகவில்லை. கொட்டகைக்காரப் பெண்களில் ஒருத்தி அட்டை சரிபார்த்தாள், ஒருத்தி வருகிறவர்களை உட்காரவைத்தாள், 'மாத்திரை போட்டீங்களா, சாப்ட்டீங்களா' என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஜீப் வந்து நின்றது. டாக்டரம்மா இறங்கினார்.

முகாமில் பந்தியா என்று கேட்டால் என்ன சொல்வது? முந்திக்கொண்டு நானே எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறடி இடைவெளி, திறந்த கொட்டகை, பரிமாறுகிறவர்கள் மாஸ்க் போட்டிருக்கிறார்கள், பத்து இலைக்கு ஒரு குப்பி, மோர்தான் அரை மணி நேரக் கெடு. டாக்டரம்மா பந்தியைக் கடைசி வரை நடந்து பார்த்தார். இரண்டு இலைகளுக்கு நடுவில் காலடி வைத்து அளந்தும் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார். பேனாவை மூடினார்.

"சரி" என்றார்.

அப்புறத்துக்காகக் காத்திருந்தேன். அப்புறம் வரவே இல்லை! ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய விருது அந்த ஒற்றைச் 'சரி'தான். செல்வியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். ஏழுமலை அண்ணன் கரண்டியைக் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "இப்பவாவது குத்து நர்சம்மா, ஒரு வாரமா எல்லாரும் துக்கம் விசாரிக்கிறாங்க" என்றார். அவருக்குப் போட்டபோது ஊரே கைதட்டியது. காய்ச்சல் அலை பெரிதாக வந்தபோது அவருக்கும் வந்தது. நாலு நாள் படுத்திருந்தார், ஐந்தாம் நாள் எழுந்துவிட்டார். நான் மறு வருடம் ஓய்வு பெற்றேன்.

இதைக் கேட்டுவிட்டு, 'பாத்தீங்களா, ஆள் இல்லாமலே நடத்திட்டீங்க' என்று மேலே இருக்கிறவர்கள் யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆள் இல்லாமல் நான் நடத்தியது முதல் முகாம். அதில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லை, ஒரு மனுஷன் கீழே விழுந்தார். கேட்டு விசாரித்து உட்காரவைக்க ஒருவர் என்று தாளில் எழுதியிருந்ததே, அந்த ஒருவர்தான் ஏழுமலையின் உயிர். இரண்டாவது முகாம் நன்றாக நடந்தது என்றால் அங்கே ஆள் இருந்தது. கொட்டகைக்காரர்கள் தங்கள் புண்ணியத்துக்கு வந்தார்கள். அதைச் சாக்காக வைத்துக் காலி இடத்தைக் காலியாகவே விடாதீர்கள். ரேவதி, இந்தப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து உங்கள் அதிகாரிக்கு அனுப்பினாலும் எனக்குச் சம்மதம்தான்.

எழுதி முடிக்கலாம் என்றிருந்தபோது ரேவதியின் முகாம் நாள் வந்துவிட்டது. கால் நிற்குமா? ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன். அதே கொட்டகை, அதே தையல் இலை. பத்தும் நிரம்பியிருந்தது. ரேவதி என்ன சுறுசுறுப்பு! ஒன்பது பேருக்குக் கடகடவென்று போட்டாள். பத்தாவது இலையில் வெளியூர் போன ஒருவருக்குப் பதிலாக நான். ஆமாம், எனக்கும் அறுபது தாண்டிவிட்டது! எனக்கும் போட்டு முடித்தாள். முனியம்மாக்கா அவள் கையைப் பிடித்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டு, என் பக்கத்தில் பதினோராவதாக ஒரு இலை போட்டு உட்காரவைத்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். போன் அடித்தது. இன்னொரு ஊரில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்களாம், உடனே வரச் சொல்கிறார்கள். கையை உதறிக்கொண்டு எழப்போனாள்.

ஏழுமலை அண்ணன் எதிரில் வந்து நின்றார். இப்போது நடை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது.

"உக்காரும்மா. மோர் இன்னும் வரல."

ரேவதி என்னைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.